பழைய நெ., புதிய நெ.

புதிய நெ. 1 (பழைய நெ. 3)

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. ஒரு சுற்றுலாப் பேருந்தின் ஒன்பதாவது வரிசை ஜன்னலோரத்தில் இருந்துகொண்டு, காதை நீட்டித் திருடியது. பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியைச் சம்பந்தப்பட்ட பெண்ணே சொன்னாள், எழுதிக்கொள்ளவும் சம்மதித்தாள். ஒரே ஒரு இடத்தை மட்டும் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் இருப்பது பிளோவ்திவில். பல்கேரியாவில், ஓர் எட்டு மாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் பதினாறு வருடமாக உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் நெவெனா நான்காவது மாடி. அவள் பள்ளியிலிருந்து கிரேக்கத்துக்கு மூன்று நாள் பயணம் கிளம்பியபோது, துணைக்கு ஒரு பெரியவர் குறைகிறார் என்று சரித்திர ஆசிரியை ஸ்லாவ்கா என்னைப் பிடித்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் என்னை அத்தை என்பார்கள். அத்தைக்கு வேலை, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது மட்டும்தான்.

பகுதி எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்று முறை திருத்தி எழுதியதில் பகுதிகள் இடம் மாறிவிட்டன. சென்னை வீட்டு வாசல்களில் பழைய நெம்பரும் புதிய நெம்பரும் ஒன்றாகத் தொங்குமே, அப்படி இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன். தவிரவும் 'நெ.' என்கிற இந்த எழுத்தை நீங்கள் கொஞ்சம் கவனித்துக்கொண்டே வர வேண்டும். பின்னால் தேவைப்படும்.

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

"ஏப்ரல் மாத வெயிலில், இரண்டாயிரத்து நானூறு வருடத்துக் கற்கள் —"

[நிறுத்திவிட்டேன். கல்லில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.]

"நெவெனா தன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் —"

[இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே வாசகரைக் கண் கசக்க வைப்பது நியாயமில்லை.]

"எல்லையைத் தாண்டியதும் பிளாமென் வாந்தி எடுத்தான்."

[இதுவும் உண்மை. நெவெனாவின் வகுப்புப் பையன் பிளாமென் கேட்டுக்கொண்டதால் நீக்கிவிட்டேன்.]

புதிய நெ. 2 (பழைய நெ. 1)

நெவெனாவுக்குப் பதினெட்டு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா ருமியானா ஆறு வருடமாக தெசலோனிக்கியில் இருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் லெஃப்தேரிஸ் என்கிற பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா பிளோவ்திவில்தான் இருக்கிறார், நல்ல மனிதர், இந்தக் கதைக்குள் அவரைக் கொண்டுவர இடம் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.

பழைய கிரேக்க ஊர்களைப் பார்க்க நெவெனா பெயர் கொடுக்கவில்லை. ஸ்லாவ்கா டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியலில், இரண்டாம் நாள் பிற்பகல் பார்க்கப்போகும் இடம் தெசலோனிக்கியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது. அன்றே அம்மாவுக்குப் போன் போட்டாள். லெஃப்தேரிசைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவதாக அம்மா சொன்னாள். பேருந்து நான்கு மணிக்குக் கிளம்பும். ஆக இரண்டு மணி நேரம். அதற்குள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி.

மே மாதக் கடைசியில், பள்ளியை முடிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் பெரிய விழா. உறவும் தெருவும் வாசலில் கூடி நின்று பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்பிவைப்பார்கள். பிள்ளைகள் தொண்டை கிழிய ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணுவார்கள், வகுப்புக்கு ஒரு நெம்பர். அன்றைக்கு இரண்டு தெரு தள்ளி யாரும் மதியம் தூங்க முடியாது. நெவெனாவுக்கு அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் இறங்க வேண்டும். அம்மா வருவாளா என்பதுதான் கேள்வி.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். புது வருடத்துக்கு வருவாயா என்று போனில்தான் கேட்டாள். அம்மா வருகிறேன் என்றாள். பெரியவருக்குச் சளி கட்டிக்கொண்டது. பதினெட்டாம் பிறந்தநாளுக்கும் போனில்தான் கேட்டாள். பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்தார். போதாததற்கு, போனில் இப்போது இன்னொரு தொல்லையும் வந்திருந்தது.

"அம்மா, கேக்குதா?"

"நெ, நெ."

"கேக்கலையா?"

"கேக்குதுடி. அதான் நெ-ங்கிறேன்ல."

"எந்த நெ?"

"அட, இங்க பேசிப் பேசி வாய் அப்படிப் போயிடுச்சு. விடேன்."

விஷயம் இதுதான். பல்கேரிய மொழியில் 'நெ' என்றால் இல்லை. கிரேக்கத்தில் 'நெ' என்றால் ஆமாம். உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசம்கூட எனக்குத் தெரியவில்லை. தலை அதைவிட மோசம். பல்கேரியர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை, கிரேக்கர் அப்படி ஆட்டினால் ஆமாம்.*

---
*நம் தலையாட்டலை இங்கே இழுக்க வேண்டாம். நான் தலையாட்டியதைப் பார்த்து இரண்டு நாட்டுக்காரர்களும் நெற்றியைச் சொறிந்திருக்கிறார்கள்.

புதிய நெ. 3 (பழைய நெ. 2)

அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, மேட்டின்மேல் ஒரு பழைய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் முழங்கால் உயரத்துக்குத்தான் மிஞ்சியிருந்தன. நேர்நேரான தெருக்கள், வரிசையாக வீடுகள், சில வீடுகளில் கூழாங்கல் பதித்துக் குதிரையும் கொடியும் போட்ட தரை. ஆய்வாளர்கள் வீட்டுக்கு வீடு சின்னப் பலகையில் எண் நட்டிருந்தார்கள்.

"கதவே இல்லாத வீட்டுக்குக் கதவு நெம்பர் பாரேன்," என்றான் பிளாமென். "எங்க வீட்டுல கதவு இருக்கு, நெம்பர் விழுந்து ரெண்டு வருஷமாச்சு."

நெவெனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றரை. கைப்பையில் அம்மா கேட்டிருந்த லூத்தெனிட்சா பாட்டில், வாட்டிய குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்து மசித்த தொக்கு, கனமாக இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நுழைவாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

[இங்கே ஒரு காவலர் வருகிறார். முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். எழுத எழுத ஆள் நம்பும்படியாக இல்லை. உண்மையில் வந்தது ஒரு அம்மாள். பெயர் எவந்தியா என்று வைக்கிறேன். ஐம்பது வயது, வைக்கோல் தொப்பி, கழுத்தில் விசில். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் மீசையை ஒட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.]

குதிரைத் தரையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின் ஓரத்தில் நெவெனா ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கூழாங்கல் தரையில் விழுந்து உருண்டது. முந்தின நாள் கடற்கரையில் பொறுக்கியது. ஏன் பொறுக்கினாள் என்றால் காரணம் கிடையாது. கடற்கரைக்குப் போய் ஒரு கல்லாவது பொறுக்காமல் திரும்புகிறவர்களை நான் பார்த்ததில்லை. கல்லை எடுத்துப் பையில் போட்டாள். விசில் ஊதியது.

எவந்தியா அம்மாள் ஓடி வந்து கல்லை வாங்கிப் பார்த்தாள். தரையைக் காட்டினாள், கல்லைக் காட்டினாள், நெவெனாவைக் காட்டினாள். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நீ? கல்லு? இங்கேருந்து எடுத்தே?"

நெவெனாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் ஒரு தொப்பிக்காரி மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டும்போது வாய்க்கு வருவது ஆங்கிலமா?

"நெ! நெ, நெ!" என்றாள். தலையையும் மேலும் கீழும் பலமாக ஆட்டினாள்.

எவந்தியா அம்மாளே திகைத்துப்போனாள். எத்தனையோ பேரைப் பிடித்திருப்பாள். கேட்ட மாத்திரத்தில் மூன்று முறை ஒப்புக்கொண்டு, தலையும் ஆட்டிய திருடி அவளுக்கு இதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு ஆட்டு ஆட்டு," என்றான் பிளாமென், சிரிப்பை அடக்க முடியாமல். "இந்தக் குதிரையத் தூக்கிட்டுப் போனதும் நீதான்னு எழுதிக்குவாங்க."

ஸ்லாவ்கா டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் எவந்தியா அம்மாள் நகரத்து அதிகாரிக்குப் போன் செய்துவிட்டாள். அவர் வந்து பார்க்கும்வரை பெண் காவல் அறையில் இருக்க வேண்டும்.

"டீச்சர், நான் இல்லன்னுதானே சொன்னேன்!"

"தெரியும்டி. நீ இல்லன்னு சொன்னது பல்கேரியாவுல. நிக்கிறது எங்க?"

டீச்சர் விளக்கம் சொன்னார். தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொன்னார். எவந்தியா அம்மாள் மூன்று விரலை நீட்டிக் காட்டினாள். ஒரு தரம் என்றால் நாக்குப் புரண்டது என்று விடலாம், மூன்று தரம் சொன்னாளே என்று அதற்குப் பொருள்.

புதிய நெ. 4 (பழைய நெ. 6)

காவல் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலிலிருந்து நுழைவாசல் தெரியாது. இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. அம்மா வந்து தேடிப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள் என்று நெவெனா நினைத்தாள். பிறகு அம்மா கிளம்பியே இருக்கமாட்டாள் என்று நினைத்தாள். எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கல் மேசையின்மேல், ஒரு காகிதத்தின் மீது, சாட்சிபோல இருந்தது.

[இந்த இடத்தில் ஓர் உண்மையான சிலைத் திருடனைக் கொண்டுவந்து விறுவிறுப்பாக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். பெயர்கூட வைத்தாயிற்று. அப்புறம் நெவெனா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகம் வந்தது. பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திருடனை அனுப்பிவிட்டேன்.]

மூன்றேகாலுக்குக் கதவைத் திறந்துகொண்டு ருமியானா வந்தாள். வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டதாம். வாசலில் பிளாமென்தான் அவளைக் கண்டுபிடித்து இழுத்து வந்திருந்தான். கையில் நூல் சுற்றிய இனிப்புப் பெட்டி, முகமெல்லாம் வியர்வை. மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"முடிய ஏன்டி இப்படி வெட்டிக்கிட்டே?"

"அம்மா, என்னப் புடிச்சு வெச்சிருக்காங்க."

"அத அப்பறம் பாப்போம். யாரு வெட்டினது, நீயேவா?"

அதன் பிறகுதான் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டது கொஞ்ச நேரம் நீடித்தது. எவந்தியா அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அங்கேதான் மீசை முதல் தடவையாக உதிர ஆரம்பித்தது.

பிறகு ருமியானா கிரேக்கத்தில் பேசத் தொடங்கினாள். நெவெனா அம்மாவைக் கிரேக்கத்தில் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. குரல் ஒரு படி ஏறியிருந்தது, கைகள் இரண்டும் காற்றில் பறந்தன. மறுக்க வேண்டிய இடத்தில் தலையைப் பின்னுக்கு வெட்டி, நாக்கால் 'ட்ச்' என்றாள். பிளோவ்திவில் அவள் அப்படிச் செய்து நெவெனா பார்த்ததே இல்லை. இது யாரோ ஒருத்தியின் அம்மா என்று தோன்றியது. நெவெனாவுக்குப் பயமாக இருந்தது. காவலையும் அதிகாரியையும்விட இதுதான் பயமாக இருந்தது.

எவந்தியா அம்மாள் மூன்று விரலை மறுபடி நீட்டினாள். ருமியானா மேசையிலிருந்த கல்லை எடுத்து அதன் முன்பக்கத்தைத் தடவினாள், திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாள், அப்படியே அவளிடம் நீட்டினாள். என்ன சொன்னாள் என்று பிறகு மகளிடம் சொன்னது இது:

"'இந்த நாட்டுல ஆறு வருஷமா தரை தேய்க்கிறேன் தாயே. தரையிலேருந்து பேத்த கல்லுக்கு அடியில சுண்ணாம்பு ஒட்டியிருக்குமா இருக்காதா? இதுல எங்க சுண்ணாம்பு? ரெண்டு பக்கமும் கடல் நக்கி வெச்சிருக்கு, தொட்டுப் பாரு'ன்னேன்."

எவந்தியா அம்மாள் தொட்டுப் பார்த்தாள். வெளியே போய்க் குதிரைத் தரையைச் சுற்றிக் குனிந்து, ஒரு கல்லாவது பெயர்ந்திருக்கிறதா என்று தேடிவிட்டு வந்தாள். எதுவும் பெயரவில்லை. "நெ," என்றாள் மெதுவாக. "நெ, நெ," என்றாள் ருமியானா. "நெ," என்றாள் அவள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள், அடுத்தவளும் சிரித்தாள். அதிகாரியைப் பாதி வழியிலேயே திரும்பிப் போகச் சொல்லிப் போன் போனது. கல் நெவெனாவின் கைக்குத் திரும்பி வந்தது, கூடவே கன்னத்தில் ஒரு கிள்ளலும்.

அம்மாவின் வாயில் அந்த நெ எவ்வளவு சரளமாக ஆமாம் என்றாகிவிட்டது என்பதை நெவெனா பார்த்துக்கொண்டாள்.

புதிய நெ. 5 (பழைய நெ. 5)

[இந்த ஒரு பகுதி மட்டும் எல்லாப் பிரதிகளிலும் இதே இடத்தில்தான் இருந்தது.]

மீதி இருந்தது இருபத்தைந்து நிமிடம். பேருந்து நிற்குமிடத்துக்குப் பக்கத்தில், பதினான்காம் எண் வீட்டின் சுவர்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் அதற்குள் ஏறி, தலை எண்ணிக்கொண்டிருந்தேன். என் ஜன்னல் திறந்திருந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை.

ருமியானா பெட்டியின் நூலை அவிழ்த்தாள். உள்ளே புகாட்சா, பாலாடை அடைத்து மேலே சர்க்கரை தூவியது. தொக்கு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து, விரலை விட்டு நக்கினாள். 

"உன்ன மாதிரியேதான் நானும் இங்க வந்து மாட்டுனேன்," என்றாள் பிறகு. "மொத மாசம், பெரியவரோட மருமக ஊட்டுல இருந்தா. இன்னும் கொஞ்சம் போடவான்னு கேப்பா. வயிறு ஃபுல்லு, நெ நெ-ம்பேன். அவ இன்னொரு கரண்டி போடுவா. அய்யோ நெ நெ-ம்பேன். இன்னொரு கரண்டி. ஆறு கிலோ ஏறினேன்டி."

நெவெனா சிரித்ததில் புகாட்சா சர்க்கரை மூக்கில் ஏறியது. ருமியானா அவள் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள், நான்கு வயதுப் பிள்ளைக்குத் துடைப்பதைப்போல. நெவெனா துடைக்கவிட்டாள்.

"ஏம்மா, ராத்திரிதான பெரியவரு வீட்டுக்குப் போவே?"

"எங்க? அஞ்சரைக்குள்ள போகணும். அஞ்சு மணி நேரத்துக்கு மேல நான் இல்லன்னா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. சாப்பிடவே மாட்டாரு."

"நான் ஆறு வருஷமா சாப்பிடறேன்ல."

சொன்ன பிறகுதான் நெவெனாவுக்கே அது கேட்டது. ருமியானா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் கை தரை தேய்த்துச் சொரசொரத்துப்போயிருந்தது. ஓட்டுநர் ராய்ச்சோ என்ஜினைக் கிளப்பினார்.

"அம்மா. மே மாசம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு எறங்குவோம். வருவியா?"

ருமியானாவின் வாயில் புகாட்சா இருந்தது. கண் நிறைந்திருந்தது. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"நெ," என்றாள்.

ராய்ச்சோ ஹாரனை அடித்தார்.

புதிய நெ. 6 (பழைய நெ. 4)

நான் கேட்காத இடம் அதுதான்.

பல்கேரியப் பெண் ஒருத்தி தலையை மேலும் கீழும் ஆட்டி நெ என்றால், தலையும் சொல்லும் சேர்ந்து இல்லை என்கின்றன. கிரேக்கத்தில் ஆறு வருடம் வாழ்ந்தவள் அதையே செய்தால், தலையும் சொல்லும் சேர்ந்து ஆமாம் என்கின்றன. கேள்வி பல்கேரியத்தில் இருந்தது என்று தர்க்கம் பேசலாம். போனில் 'கேக்குதா' என்பதும் பல்கேரியத்தில்தான் இருந்தது.

திரும்பும் வழியில் நெவெனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எந்த நெ-ன்னு கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அத்தை வேலையை மீறிய கேள்விதான்.

"கேட்டா ஒண்ணுதான் கெடைக்கும் அத்தை," என்றாள்.

 அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மே மாதம், குடியிருப்பு வாசலில் ஒரு டாக்சி வந்து நிற்கிறது. கதவைத் திறந்துகொண்டு சொரசொரத்த ஒரு கை —

[எழுதும்போதே எனக்கு மூக்கு உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளும் வேகத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது.]

முடிவு இரண்டு: லெஃப்தேரிஸ் மறுபடியும் —

[இல்லை. ஒரு கிழவர் உயிரோடு இருப்பதை வில்லத்தனம் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் நன்றாகச் சாப்பிடட்டும்.]

இந்த இரண்டையும் பிளாமெனுக்கு வாய்வழியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். "ரெண்டுமே நல்லால்ல," என்றான். "என்னோட வாந்தியில முடிங்க, ஜனங்க மறக்க மாட்டாங்க."

இன்று மே பதினெட்டு. நெவெனா ஒரு பச்சை உடுப்புத் தைத்திருக்கிறாள். நேற்று படியில் பார்த்தேன், ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நான்கு மாடியும் இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவர் பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு இறங்கினாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். ஷூ புதுசு அத்தை, கடிக்குது, என்றாள். அவள் கால் வெறுமையாக இருப்பதை நானும் சொல்லவில்லை.

கதையை இன்றே அனுப்பியாக வேண்டும், விழா வரும் வெள்ளிக்கிழமை. அதனால் உங்களுக்குத் தெரிவதற்கு மேல் எனக்கும் தெரியாது. பழைய நெ.யா, புதிய நெ.யா என்று ஐந்தாவது மாடிச் சமையலறையில் உட்கார்ந்து முடிவுகட்ட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். அவள் அம்மாவையும் பிடித்துவிட்டது. சிக்கலே அதுதான்.

நீங்களும் வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழே வாசலில் எங்களோடு நில்லுங்கள். லிஃப்டைப் பார்க்க வேண்டாம், அவள் படியில்தான் வருவாள். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டதுமே பிளாமென் எண்ண ஆரம்பித்துவிடுவான், தெருவே சேர்ந்துகொள்ளும். அந்தக் கூச்சலில், படியில் இறங்குவது ஒருத்தியின் காலடியா, இரண்டு பேரின் காலடியா என்று யாருக்கும் கேட்காது. எண்ணி முடிப்பதற்குள் வாசலுக்கு வந்துவிடுவாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.

அடுத்த நெ. நீங்கள் சொல்லுங்கள்.